ரகசியமாகப் போன வயர்

கீழ்வீட்டு மீட்டரும் மாடிவீட்டு மீட்டரும் ஒரே சுவரில் இருந்த கூட்டாளிகள். பில் கட்டாததால் மின்வாரியக்காரர்கள் மாடிவீட்டு ஃபியூசைப் பிடுங்கிப் போய்விட்டார்கள்.

“மாப்ளே, ரெண்டே நாளைக்குக் கரண்டு கடன் குடுடா” என்றது மாடி மீட்டர்.

கீழ் மீட்டர் கணக்குப் போட்டது. ஐந்நூறு யூனிட்டைத் தாண்டினால் விலை எகிறிவிடும். இப்போதே நானூற்றுத் தொண்ணூறு. ஆனாலும் கூட்டாளியிடம் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. வீட்டுக்காரருக்குத் தெரியாமல் ஒரு வயரை நீட்டியது. ரெண்டு நாள் பத்து நாளானது. எண்கள் ஐந்நூறைத் தாண்டிப் புரண்டுகொண்டே போயின.

கணக்கெடுப்பவர் எழுதிவிட்டுப் போனதும் மாடி மீட்டர் எட்டிப் பார்த்தது. “அடேங்கப்பா, அறுநூறா! எனக்கு எண்பதுதான். நீ கொஞ்சம் அடக்கி ஓடக் கூடாதாடா?”

கீழ் மீட்டருக்கு எதிரே அதன் வீட்டுக்காரர் நின்று யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டிருந்தார்: “நாங்க இவ்வளவு எரிக்கவே இல்ல, மீட்டர் கெட்டுப்போச்சுங்க. கழட்டிப் போட்டுடுங்க.”