அப்பாவைக் கூட்டிட்டு வா

"சார், ரேணுகா மறுபடியும் கடிச்சிட்டா!"

கிருஷாந்தன் அழுதுகொண்டே கையை நீட்டினான். பல் பட்ட இடம் சிவந்திருந்தது.

ஓப்பநாயக்க ஊருக்கு மேலே மலையில் உள்ள எங்கள் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் முதலாம் வகுப்பு என் பொறுப்பு. நேற்று அவள் மற்றவர்கள் எழுதும் கொப்பிகளில் தண்ணீரை ஊற்றினாள். அதட்டினேன், முழந்தாளிட வைத்தேன். எதற்கும் அடங்கவில்லை.

"ஏன் கடிச்ச?"

"அவங்கப்பா வாங்கிக் குடுத்த பணிஸ காட்டிக் காட்டித் திங்கிறான் சார்."

அடங்காத பிள்ளைகளிடம் எப்போதும் சொல்வதையே சொன்னேன். "நாளைக்கு அப்பாவைக் கூட்டிட்டு வா."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"அவரு வர மாட்டாருங்க சார்," என்றாள் ரேணுகா.

"ஏன்?"

"அம்மா செத்ததிலேருந்து அவரு எங்கிட்ட பேசுறதே இல்லைங்க சார்."

சிரிப்பு நின்றது. நான் வெண்கட்டியை எடுத்துக்கொண்டு கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மணியடித்ததும் பிள்ளைகள் லயத்து வீடுகளுக்கு ஓடினார்கள். நான் பாடசாலையைப் பூட்டிவிட்டு மேட்டிலிருக்கும் குவார்ட்டர்ஸுக்கு நடந்தேன். ரேணுகா பின்னாலேயே வந்தாள். கதவைத் திறந்து உள்ளே போனேன். அவள் வாசலிலேயே நின்றாள்.

"உள்ள வரலாமா சார்?"

பாடசாலையில் மட்டும்தான் என்னை அப்படிக் கூப்பிட வேண்டும் என்று என் மகளிடம் சொல்லியிருந்தேன்.