பாதிக் காபி

“பயனர்களின் செய்தியைத் திறந்து படிக்கும் சாவி எங்களிடமே இல்லை” என்று குறுஞ்செய்திச் செயலி நிறுவனத்தின் நிரஞ்சன் விசாரணைக் குழுவின் முன் மேசையைத் தட்டிச் சொன்னான். அந்தச் சாவியைக் கேட்டு மசோதா கொண்டுவந்த அமைச்சர் எழுந்து கத்தினார். குழு உறுப்பினர் செண்பகவல்லி நிரஞ்சனுக்காக வாதாடினாள். அவன் பேச்சை நம்பித்தான், மணல் கொள்ளை வழக்கில் அமைச்சருக்கு எதிராகச் சாட்சி சொல்லப்போகும் பிலோமினாவை ஒளித்துவைத்த இடத்தை அந்தச் செயலியில் மட்டும் எழுதியிருந்தாள். இடைவேளையில் அவள் கேன்டீனுக்குள் நுழைந்தபோது நிரஞ்சனும் அமைச்சரும் ஒரே மேசையில் இருந்தார்கள். நிரஞ்சன் தன் டம்ளரிலிருந்து பாதிக் காபியை அமைச்சரின் டம்ளரில் ஊற்றிக்கொண்டிருந்தான். “வாங்கம்மா, கத்திக் கத்தித் தொண்டை காஞ்சு போச்சு எனக்கு, உங்க ஆளுதான் காபி தர்றாரு” என்று அமைச்சர் சிரித்தார். “ஆமா, அந்தப் பச்சை கேட் போட்ட வீட்ல கொசு ஜாஸ்தியாமே? பிலோமினா பாவம், தூங்கவே இல்லையாம்.” செண்பகவல்லி நிரஞ்சனைப் பார்த்தாள். அவன் ஊற்றுவதை நிறுத்தவில்லை. ஒரு சொட்டும் சிந்தவில்லை. அவள் கையில் போன் அதிர்ந்தது; அதே செயலியில் பிலோமினாவின் செய்தி. ‘அக்கா, வாசல்ல ஒரு வண்டி நிக்குது. நீங்க அனுப்பினதா?’ பதில் எழுதப் போன விரல் திரைக்கு மேலேயே நின்றது. அமைச்சர் தன் போனை எடுத்துக் காபிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவள் எழுதப்போகும் பதிலுக்காகக் காத்திருந்தார்.