பத்தாவது ஆள்

யூதத் தொழுகைக்கூடத்தின் மேற்குச் சன்னல் வழியே விழும் வெயில் காலி இருக்கைகளின் மேல் சுருங்கிக்கொண்டே போகிறது. அண்ணனைப் போன வாரம் அடக்கம் செய்த மோண்டி, அவருக்கான பிரார்த்தனையைச் சொல்ல நிற்கிறார். பொழுது சாய்வதற்குள் சொல்லியாக வேண்டும். சொல்பவரையும் சேர்த்து யூத ஆண்கள் பத்துப் பேர் இருந்தால்தான் சொல்ல முடியும். மோண்டியோடு சேர்த்து ஒன்பது பேர்தான் வந்திருக்கிறார்கள். எல்லாத் தலைகளும் கடைசி வரிசைக்குத் திரும்புகின்றன. இங்கிலாந்து யூதர்களின் வரலாற்றை எழுதியே தலை நரைத்துப்போன நெவில் கோப்லன்ஸ் அங்கே பேனாவை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார்.

"எங்க பாட்டன் பூட்டன் எல்லாரையும் தோண்டி எடுத்தாச்சுல்ல? இப்ப எங்களோட வந்து நில்லுங்க, டாக்டரே!" என்கிறார் மோண்டி. யாரோ சிரிக்கிறார்கள். தாய் யூதப் பெண்ணாக இருந்தால்தான் பிள்ளை யூதன் என்பது இவர்கள் சட்டம். நெவிலின் தாய் ஞாயிறுதோறும் சர்ச்சில் ஆர்கன் வாசித்தவர். இதுவரை யாரும் கேட்டதில்லை, நெவிலும் சொன்னதில்லை.

"மோண்டி, எங்க அம்மா வந்து..."

"அம்மா கதையெல்லாம் டீ குடிக்கும்போது பேசிக்கலாம். வெளிச்சம் போகுதுய்யா!"

மோண்டியின் சில்லிட்ட கை அவரைப் பிடித்து எழுப்பி நிறுத்துகிறது. சன்னலில் விரலளவு வெயில்தான் மிச்சம். பிரார்த்தனை தொடங்குகிறது, ஆள் சேர்ந்துவிட்ட நிம்மதியில் மோண்டியின் குரல் உடைகிறது. மற்ற எட்டுப் பேரும் "ஆமென்" என்கிறார்கள். மோண்டி நிறுத்திவிட்டு, நெவிலின் உதடுகளையே பார்த்தபடி காத்திருக்கிறார்.