பதினோராவது வீடு

"பத்து நிமிஷம். எடுக்கிறதை எடுத்துக்கிட்டு வெளிய வரச் சொல்லு," என்றார் லெப்டினன்ட் ஹாலம் என்னிடம், குதிரையை விட்டு இறங்காமலே.

போயர் பெண் வாசலை மறித்து நின்றாள். பெயர் ஹெஸ்டர். அவள் புருஷன் எங்களுக்கு எதிராகச் சண்டை போடப் போயிருந்தான். அதனால் வீட்டைக் கொளுத்த வேண்டும்.

அந்த மாதத்தில் எங்களுக்கு அது பதினோராவது வீடு.

நியூசிலாந்திலிருந்து சொந்தக் குதிரைகளோடு கப்பலேறி வந்தவர்கள் நாங்கள். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. பிரிட்டிஷ் படையில் சேர்ந்து, அங்கே குடியேறிய டச்சு வம்சத்துப் போயர்களோடு சண்டை போடத்தான் தென்னாப்பிரிக்காவுக்கு வந்தோம். ஆறு வாரமாக ஒரு எதிரியைக்கூட நான் பார்க்கவில்லை. ஆடுகளைக் குத்திக் கொன்றேன். சோளக்காட்டில் குதிரையை விட்டு மிதிக்க வைத்தேன்.

அவள் பாத்திரம் பண்டம் எதையும் எடுக்கவில்லை. என் சட்டையைப் பிடித்து உள்ளறைக்கு இழுத்துப் போனாள்.

கட்டிலில் ஒருவன் கிடந்தான், கன்னம் ஒட்டி, தாடி மண்டி. ஆணியில் எங்கள் ரெஜிமென்ட் சட்டை தொங்கியது. துவைத்து, கிழிசல் தைத்திருந்தது.

டிரெகியர்!

குடற்காய்ச்சலில் கிடந்தவனை ஐந்து வாரத்துக்கு முன் வழியில் விட்டுவிட்டு வந்திருந்தோம். வேகமாகப் போக வேண்டுமாம். ஹாலம் அவன் அம்மாவுக்கு இரங்கல் கடிதமே எழுதிவிட்டார்.

கட்டிலோடு தூக்கி வந்து வெளியே வைத்தோம்.

"இந்தம்மா இல்லேன்னா செத்திருப்பேன் சார்," என்றான் டிரெகியர், மூச்சு வாங்க. "பீ மூத்திரம் எல்லாம் அள்ளிப் போட்டாங்க."

ஹாலம் அவனைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார்.

"உத்தரவு எல்லா வீட்டுக்கும் ஒண்ணுதான்."

பன்னிரண்டு பேர் நின்றோம். அந்த ஆளைக் குதிரையிலிருந்து இழுத்துப் போட்டு மிதிக்க வேண்டும் போலிருந்தது எனக்கு. ஒருவனாவது முடியாது என்று சொல்வானா என்று முகம் முகமாகப் பார்த்தேன்.

புல் கூரை. எரிந்து உட்கார அதிக நேரம் பிடிக்கவில்லை.

ஹெஸ்டர் அழவில்லை. டிரெகியரின் போர்வையை இழுத்துவிட்டு, கைதிகள் முகாமுக்குப் போகும் வண்டியில் ஏறிக்கொண்டாள்.

ஊர் திரும்பி முப்பது வருடமாகிறது. பழைய ஆட்கள் கூடும்போதெல்லாம் ஹாலமைத் திட்டுவேன். வாய் வலிக்கத் திட்டுவேன். எல்லோரும் தலையாட்டுவார்கள்.

டிரெகியர் மட்டும் எழுந்து போய்விடுவான்.

தீக்குச்சியைக் கிழித்துக் கூரையில் வைத்தது யார் என்று, கட்டிலில் படுத்தபடி அவன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். வைத்த பிறகு நான் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை.