வெளியே நின்றவர்

"தலைவரம்மா, இந்த மானிய விஷயத்துல எனக்குத் தொழில் தொடர்பு இருக்கு. சட்டப்படி நான் வெளிய போயிடறேன்" என்று எழுந்தார் கவுன்சிலர் ஃபின்டன். மடித்த தாள் ஒன்றை எழுத்தர் டிம்ப்னாவின் மேசையில் வைத்துவிட்டு, தொப்பியோடு அட்லாண்டிக் மழையில் இறங்கினார்.

பாலிகோரன் நகரசபைத் தலைவி கன்செப்டாவுக்கு மனசு குளிர்ந்தது. இருபது வருஷப் பகையாளி, தானாக வந்து மாட்டிக்கொண்டான்!

இருப்பதோ ஒரே மானியம், முப்பதாயிரம் யூரோ. கேட்டிருந்தது இரண்டு பேர்: சீஸ் பண்ணை ஒன்று, வெந்நீரில் பாசியைப் போட்டு உடம்பை ஊறவைக்கும் கடற்பாசிக் குளியல் நிலையம் ஒன்று. பண்ணைக்குத்தான் என்று காலையில்கூட அவள் முடிவு செய்து வைத்திருந்தாள்.

"அவன் மாட்டுப் பாலெல்லாம் அந்தப் பண்ணைக்குத்தானே போகுது? ஊர்ப் பணத்துல மாடு மேய்க்கப் பாக்கறான்!"

"அம்மா, இந்தத் தாளைப் படிச்சுடறேனே..." என்று இழுத்தாள் டிம்ப்னா.

"அப்புறம் படிக்கலாம் டிம்ப்னா! குளியல் நிலையத்துக்குக் கொடுக்கணும்னு நானே முன்மொழியறேன். கையைத் தூக்குங்கப்பா!"

எல்லாக் கைகளும் உயர்ந்தன.

சொட்டச் சொட்ட நனைந்து திரும்பினார் ஃபின்டன்.

"சீஸ் பண்ணைக்கு ஒரு சென்ட்கூடக் கிடையாது!" என்றாள் கன்செப்டா.

"அடப் பாவமே."

"இப்பப் படி டிம்ப்னா. எல்லாரும் கேக்கட்டும்."

டிம்ப்னா தாளைப் பிரித்தாள். "கடற்பாசிக் குளியல் நிலையத்தில் எனக்குப் பாதிப் பங்கு உண்டு."

கன்செப்டா தாளைப் பிடுங்கித் தானே ஒருமுறை படித்துப் பார்த்தாள்.

"வெளிய நின்னதால எனக்கு ஒண்ணுமே காதுல விழல" என்று தொப்பியை உதறினார் ஃபின்டன். "முன்மொழிஞ்ச புண்ணியவதி யாரு?"