டீ அப்புறம்

"இதுலயா குழந்தைங்க இருக்காங்க?" என்று பொரா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தாழ்ந்த கூரை, மண் தரை, ஜன்னல் என்ற பெயரில் இரண்டு ஓட்டை. சியோலிலிருந்து கம்பெனிச் சேவைக் குழுவாக, அழுவதற்குத் தயாராகவே வந்திருந்த எங்கள் எல்லோருக்கும் அதைப் பார்த்ததும் மனசு நிறைந்துவிட்டது.

"பாருங்க, பின்னாடி அதிகாரிங்களுக்கு மட்டும் மாடிக் கட்டடம்!" என்று பொரா பொருமினாள்.

"கோபம், அழுகை எல்லாம் போட்டோவுக்கு வச்சுக்கோ. முதல்ல பேனரைக் கட்டுங்கப்பா!" என்றார் குழுத் தலைவர் பியோ. பேனர் கட்டாமல் எங்கள் கம்பெனியில் யாரும் ஓர் ஆணிகூட அடித்ததில்லை. ஒரே மாதிரி மஞ்சள் மேல்சட்டை மாட்டி, முஷ்டியை உயர்த்தி, படம் எடுத்துக்கொண்டோம்.

மங்கோலியாவின் அந்தச் சின்ன ஊர்க் காப்பகத்தில், கைக்குழந்தைகள் தூங்கும் அறையின் தரை குளிர்காலத்தில் பனிக்கட்டியாகிவிடுமாம். போன வருஷம் பாதிப் பிள்ளைகளுக்கு நெஞ்சுச் சளி. எங்கள் ஊர் வீடுகளில் செய்வதுபோல் தரையையே சூடாக்கிக் கொடுப்பது என்று, ஓர் அறைக்குத் தேவையான மின்சாரத் தகடுகளைச் சுமந்துகொண்டு வந்திருந்தோம்.

சாயங்காலம் திறப்பு விழாவுக்குச் சேர்மனே வருகிறார். போன தடவை வேறொரு நாட்டில் நாங்கள் கட்டிய ஊஞ்சல் சேர்மனோடு சேர்ந்து விழுந்ததிலிருந்து பியோவுக்குத் தூக்கமே போய்விட்டது. இதுவும் சொதப்பினால் வேலையும் போய்விடும்.

"லீவுல நான் ஊர்ல இருக்க மாட்டேன். நீல வேலி வீட்டு டுல்மாகிட்ட சாவி இருக்கு, வாங்கிக்கோங்க" என்று காப்பகத்து ஆசிரியை போனில் சொல்லியிருந்தார். நீல வேலி கிடைத்தது. உள்ளே போனால் இந்தத் தாழ்ந்த கூரைக் கட்டடம், கதவு திறந்தே கிடந்தது. சாவிக்கு என்ன அவசியம்?

டுல்மா கழுத்தில் சாவி தொங்க ஓடி வந்தாள். எங்கள் ஊர் சாக்ஸ் கம்பெனியில் பல வருஷம் வேலை பார்த்தவளாம். எங்கள் மொழியை எங்களைவிட வேகமாகப் பேசினாள்.

"வாங்க தம்பி, முதல்ல டீ குடிங்க. ஒரு விஷயம் பேசணும்."

"டீ அப்புறம்க்கா! வேலை தலைக்கு மேல கிடக்கு" என்ற பியோ, எங்கள் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "உஷார்! டீ குடிச்சா மாட்டிக்குவோம். எம்புள்ளைக்குக் கொரியாவுல வேலை வாங்கிக் குடுங்கன்னு ஆரம்பிச்சிடுவா."

எல்லோரும் தலையாட்டினோம். ஜனங்களுக்கு நல்லது செய்யப் போகிற இடத்தில் ஜனங்களிடம் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பது எங்களுக்குத் தெரியாதா?

பொராவுக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. "விஷயத்தை இப்பவே சொல்லுங்களேன்க்கா."

"ஐயய்யோ, வந்தவங்க ஒரு வாய் டீ குடிக்காம எப்படி விஷயம் பேசறது? விரட்டற மாதிரி ஆயிடாதா, பாப்பா? எங்க ஊர்ல அப்படிப் பழக்கமில்ல."

மண்ணைச் சமன் செய்தோம். தகடுகளை விரித்து, மேலே மெத்தென்ற விரிப்பை ஒட்டினோம். சுவரில் கரடி, சூரியன், வானவில். மூலையில் கிடந்த நீள மரப்பெட்டி பொம்மை போட வைத்ததாக இருக்கும் என்று அதற்கு ரோஸ் பெயின்ட் அடித்தோம். நடுவில் டுல்மா உப்புப் போட்ட பால் டீயைக் கிண்ணத்தோடு கொண்டுவந்து நீட்டினாள். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "டீ அப்புறம்!" என்று கோரஸ் பாடினோம்.

அடுத்த முறை அவள் வந்தபோது சுவிட்சைப் போட்டிருந்தோம். பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். வெறுங்காலோடு கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள்.

"இந்தச் சூடு எவ்வளவு நேரம் நிக்கும், தம்பி?"

"ராத்திரி பூரா நிக்கும்க்கா. எங்க ஊர்ச் சாமானாச்சே!"

"அப்படியா? சரி, டீக்கு இப்ப என்ன அவசரம்! நீங்க வேலையைப் பாருங்க."

"பார்த்தியா, நம்ம வழிக்கு வந்துட்டா" என்று பியோ கண்ணடித்தார்.

சேர்மன் வந்தார். ரிப்பன் வெட்டினார். ஷூவைக் கழற்றிவிட்டுத் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தவர் முகம் மலர்ந்துபோனது. "பியோ, இப்பதான்யா உருப்படியா ஒண்ணு செஞ்சிருக்க!"

பியோவுக்கு வாய் கோணிக்கொண்டு அழுகை வந்தது. எங்களுக்கும்தான். இந்தக் குளிர்காலத்தில் ஒரு குழந்தையும் இருமாதே! அந்த அழுகையைக்கூடப் போட்டோ எடுத்துக்கொண்டோம்.

அப்போது டுல்மா கெட்டிலோடு வந்தாள். பெரிய மனுஷர் சேர்மன், நீட்டிய கிண்ணத்தைத் தட்டவில்லை. "குடும்மா" என்று வாங்கி ஒரே மூச்சில் குடித்தார். அவர் குடித்தபின் நாங்கள் எங்கே போவது? எல்லோரும் குடித்தோம்.

காலிக் கிண்ணங்களை வாங்கி வைத்துவிட்டு டுல்மா எதிரில் உட்கார்ந்தாள். கழுத்துச் சாவியைக் கழற்றிச் சேர்மன் கையில் வைத்தாள்.

"விஷயம் இதான் சார். காப்பகத்துச் சாவி. பின்னாடி தெரியுது பாருங்க, அந்த மாடிக் கட்டடம்தான்."

பியோ எழுந்து, ஜன்னல் ஓட்டை வழியே அந்த மாடிக் கட்டடத்தை எட்டிப் பார்த்தார்.

"அப்போ... இது?"

டுல்மா தரையை ஆசையோடு தடவினாள்.

"இந்தக் குளிருக்கு என் ஆடுங்க பொழச்சுக்கும், தம்பி."