ஒற்றை நட்சத்திரம்

"ஒரே ஒரு நட்சத்திரமா!"

லுபென் போட்ட சத்தத்தில், சமையலறையிலிருந்து கரண்டியும் கையுமாக ஓடி வந்தாள் அவர் மனைவி நெவெனா.

ஓய்வுபெற்ற போலீஸ் இன்ஸ்பெக்டர் லுபெனின் துப்பறியும் நாவல் வெளிவந்து மூன்று வாரம் ஆகிறது. டான்யூப் நதிக்கரையில் அவர் முப்பது வருடம் வேலை பார்த்த அதே சின்ன ஊர்தான் களம். தேவாலய மணித் திருட்டு, மருந்துக்கடைக்காரர் கொலை, வேட்டைத் துப்பாக்கிக் களவு. மூன்றையும் ஒன்றோடொன்று பின்னி, எல்லாவற்றுக்கும் ஒரே ஆள்தான் காரணம் என்று முடித்திருந்தார்.

விடிந்ததும் கம்ப்யூட்டரைத் திறந்து வாசகர் கருத்துகளைப் பார்ப்பதுதான் இப்போது அவருக்கு உத்தியோகம். இதுவரை வந்ததெல்லாம் ஐந்து நட்சத்திரம்.

'அருமையான புத்தகம். அட்டை கெட்டியாக இருக்கிறது' என்று மைத்துனி எழுதியிருந்தாள்.

'கொலைகாரன் யார் என்று கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை. படித்து முடித்த பிறகும் தெரியவில்லை. அற்புதம்!' இது அவருக்கு முடி வெட்டுகிறவர்.

இன்றைக்கு எழுதிய ஆசாமி பெயரே போடவில்லை.

"சத்தமாத்தான் படிங்களேன்," என்றாள் நெவெனா.

"'மூன்று குற்றங்களையும் ஒருவன் தலையில் கட்டியது சோம்பேறித்தனம். துப்பாக்கிக் களவுக்கும் மற்ற இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஜன்னல் கண்ணாடி அறைக்குள் சிதறிக் கிடந்ததாம். தப்பு. அது வெளியே வெங்காயப் பாத்தியில் விழுந்தது.'"

"போகட்டும் விடுங்க. இதுக்குப் போயா முகம் இப்படி வெளுத்துப்போச்சு?"

"உனக்குப் புரியல. அந்தத் துப்பாக்கிக் களவு நிஜமா நடந்தது. இருபத்திரண்டு வருஷம் முன்னாடி, ஸ்தாமென் வீட்டுல. கடைசிவரைக்கும் ஆள் சிக்கல. கண்ணாடி வெங்காயப் பாத்தியிலதான் கிடந்துச்சு. நாவலுக்குத் தோதா உள்ள விழுந்ததா மாத்தினது நான். அது ஸ்தாமெனுக்குத் தெரியும், அவன் போய்ச் சேர்ந்துட்டான். எனக்குத் தெரியும். அப்புறம்..."

"அப்புறம்?"

"உடைச்சவனுக்குத் தெரியும்!"

லுபென் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார். பத்து வயது குறைந்தது போலிருந்தது.

ஊரில் இருப்பது ஒரே புத்தகக் கடை. அங்கே விற்றது மொத்தம் பதினொரு பிரதி. ஒன்பது, சொந்தக்காரர்களும் தெரிந்தவர்களும் வாங்கியது. ஒன்று, எப்படி விற்கிறது பார்ப்போம் என்று லுபெனே வாங்கியது.

"மிச்சம் ஒண்ணு?"

"தபாலாபீஸ் ரத்கா வாங்கினாங்க," என்றார் கடைக்காரர்.

தபாலாபீஸில் கூட்டம் இல்லை. ஓய்வுபெற ஒரு வருடம் பாக்கியிருந்த ரத்கா, மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு தபால்தலைகளைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஒரு நட்சத்திரம் போட்டது நீங்கதானே?"

"ஆமா, இன்ஸ்பெக்டர். அரை நட்சத்திரம் போட அதுல வழியில்ல."

லுபென் அதை விழுங்கிக்கொண்டார். "கண்ணாடி பாத்தியில விழுந்தது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான்தானே உடைச்சேன்."

லுபெனுக்கு நாற்காலி தேவைப்பட்டது. உட்கார்ந்தார்.

"நீங்களா? துப்பாக்கியைத் திருடினது நீங்களா?"

"ஸ்தாமென் பொண்டாட்டி வெசெலா சாவியை என்கிட்ட கொடுத்துட்டு, பிள்ளையோட அம்மா வீட்டுக்குப் போயிட்டா. அவன் மீன்பிடிக்கப் போன நேரமா பார்த்து உள்ள போனேன். துப்பாக்கியை எடுத்து மாவுச் சாக்குல போட்டேன். திருடன் வந்த மாதிரி இருக்கட்டுமேன்னு ஜன்னலை உடைச்சேன். வெளியேயிருந்து உடைக்கணும்னு தோணல. எனக்கு அதுதான் முதல் திருட்டு."

"துப்பாக்கி எங்க?"

"ஆத்துல. மீனுங்க பத்திரமா வச்சிருக்கும்."

"சிரிக்காதீங்க! இது குற்றம். ஏன் செஞ்சீங்க?"

ரத்கா தபால்தலைகளைக் கீழே வைத்தாள்.

"குடிச்சாப் போதும், அவனுக்கு அந்தத் துப்பாக்கி கைக்கு வந்துடும். 'வர்ற ஞாயித்துக்கிழமை உன்னையும் பிள்ளையையும் சுட்டுடுவேன்'னு வெசெலாகிட்ட நாள் குறிச்சே சொல்லிட்டான். துப்பாக்கி போனதும் பல்லு பிடுங்கின பாம்பா சுருண்டுட்டான். அடுத்த மாசமே அவ பிள்ளையைக் கூட்டிக்கிட்டு வார்னா பட்டணத்துக்குப் போயிட்டா. இப்ப பேத்தி எடுத்துட்டா, தெரியுமா?"

லுபெனுக்குள் இருந்த போலீஸ்காரர் விழித்துக்கொண்டார்.

"எல்லாம் சரி. ஆனா சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல? அவ நேரா எங்ககிட்டல்ல வந்திருக்கணும்?"

"வந்தாளே. ரெண்டு தடவை ஸ்டேஷன் வாசல் ஏறி வந்தா. 'புருஷன் பொண்டாட்டி சண்டைக்கெல்லாம் இங்க வரக்கூடாது. வீட்டுக்குப் போய் அவருக்குப் பிடிச்சதா ஏதாவது சமைச்சுப் போடும்மா'ன்னு சொல்லி அனுப்பிட்டாங்க."

லுபெனுக்கு ரத்தம் கொதித்தது. மேஜையில் ஓங்கித் தட்டினார். தபால்தலைகள் பறந்தன.

"எந்த மடையன் அப்படிச் சொன்னது? பேரைச் சொல்லுங்க, ரத்கா! அடுத்த நாவல்ல அவனைக் கிழிச்சுத் தொங்கவிடறேன்!"

ரத்கா இழுப்பறையிலிருந்து அவருடைய நாவலை எடுத்தாள். பின்னட்டையைத் திருப்பி, எழுத்தாளரின் புகைப்படம் அவருக்கு நேராகத் தெரியும்படி மேஜையில் வைத்தாள்.